பீங்கான் குழாயில் ஒரு கடல் மீன்!

எங்கள் ஊரின் பெயர் மங்களூர். பெயரைக் கேட்டதும், "அடடா, கடற்கரை ஊரா? துறைமுகம் எல்லாம் இருக்குமே!" என்று பலரும் கேட்பார்கள். அது கர்நாடக மாநிலத்து மங்களூர். எங்கள் மங்களூர் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடி பக்கம் இருக்கிறது. இங்கே மக்காச்சோளமும் பருத்தியும்தான் விளையும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பேருந்து மாறிப் பேருந்து ஏற வேண்டும்.

ஆனால், கடலோடு எங்களுக்கு ஓர் உறவு உண்டு. திட்டக்குடி வழியாக ஓடுகிறதே வெள்ளாறு, அது பரங்கிப்பேட்டையில்தான் கடலில் கலக்கிறது. "நம் ஊர் ஆறு எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்து வருவோம்" என்று சொல்லி, 1980களின் இறுதியில் ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளைப் பரங்கிப்பேட்டைக்கு அழைத்துப் போனேன். அன்று நடந்த ஒரு விஷயம் இன்று வரை என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வாளியில் வந்த விருந்தாளி

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. அங்கே கண்ணாடிக் குப்பிகளில் இருந்த மீன்களையும் நண்டுகளையும் பார்த்துவிட்டு, வெள்ளாற்றின் கழிமுகத்துக்குப் போனோம். தண்ணீர் வற்றிய நேரம். கரையோரக் கம்பங்களில் சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. ஒரு மாணவன் காலியாகக் கிடந்த சிப்பி ஓடு ஒன்றை எடுத்து, "சார்! உள்ளே மீன் இருக்கு!" என்று கத்தினான்.

ஆமாம். விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன். ஓட்டுக்குள் வாலை விட்டுக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி, உருண்டைக் கண்களால் எங்களை முறைத்துப் பார்த்தது. ஒரு கண் என்னைப் பார்த்தால், இன்னொரு கண் அவனைப் பார்த்தது! பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். "ஸ்கூலுக்குக் கொண்டு போகலாம் சார்" என்று கெஞ்சினார்கள். நானும் சரி என்றேன். ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையக் கடல் தண்ணீர் பிடித்து, ஓட்டோடு மீனைப் போட்டு, மடியில் வைத்தபடியே ஊர் வந்து சேர்ந்தான் அந்த மாணவன்.

வகுப்பு ஜன்னல் ஓரம் வாளி. மீனுக்கு யார் யாரோ சோற்றுப் பருக்கை போட்டார்கள். ஒருத்தி பிஸ்கட் தூள் போட்டாள். இன்னொருவன் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கொண்டு வந்தான். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், தண்ணீர் கலங்கி நாற்றமடித்தது. மீன் செத்து மிதந்தது.

அந்த மாணவன் கேட்டான்: "சார், இது அதே கடல் தண்ணிதானே? தண்ணி மாறலையே, அப்புறம் ஏன் செத்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "கடலை விட்டு வந்த ஏக்கம்ப்பா" என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் தலையை ஆட்டினான். ஆனால் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

யார் இந்த மீன்?

அது பிளென்னி என்ற குடும்பத்தைச் சேர்ந்த மீன் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியவந்தது. கிரேக்க மொழியில் சளி, வழவழப்பு என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. பொருத்தமான பெயர்தான்! இந்த மீனுக்குச் செதில் கிடையாது. உடம்பு முழுக்க வழவழவென்று இருக்கும்.

பெரும்பாலான மீன்களின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. அதனால்தான் அவை தண்ணீரின் நடுவில் நின்ற இடத்திலேயே நிற்க முடிகிறது. வளர்ந்த பிளென்னிகளில் பலவற்றுக்கு அந்தப் பை இல்லை. நீந்துவதை நிறுத்தினால் கல் மாதிரி கீழே இறங்கிவிடும். அதனால் பாறையில் முன் துடுப்புகளை ஊன்றி, திண்ணையில் உட்கார்ந்த தாத்தா போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஆபத்து என்றால் ஒரே தாவு. பொந்துக்குள் வாலை முதலில் விட்டு நுழைந்துகொள்ளும். தலை எப்போதும் வாசல் பக்கம்! பல வகைகளில் கண்ணுக்கு மேலே புருவம் போலச் சின்னச் சின்னக் குஞ்சங்கள் வேறு. அதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

காலிச் சிப்பி ஓட்டிலும், குழாய் போன்ற பொந்திலும் பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும் வரை காவல் காப்பது அப்பா மீன்தான்.

இந்தச் சிப்பி ஓட்டுப் பிளென்னிகளில் ஒன்று செய்த பயணத்தைக் கேளுங்கள். நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த இந்த மீன், உலகத்தின் மறுகோடியில், கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவின் கரையிலும் வாழ்கிறது. எப்படிப் போயிருக்கும்? 1845 முதல் 1917 வரை, கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து ஏராளமான மக்களைக் கப்பலில் ஏற்றி அந்தத் தீவுக்குக் கொண்டு போனார்கள். அந்தக் கப்பல்களின் அடிப்பகுதியில் ஒட்டியிருந்த சிப்பிகளுக்குள் குடியிருந்தபடியே இந்த மீனும் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவ்வளவு தூரம் தாங்கிய மீன், எங்கள் வாளியில் மூன்று நாள் தாங்கவில்லை!

மாணவர் சொன்ன பதில்

வாளியை மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்த மாணவர் இப்போது விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறார். விருத்தாசலம் செராமிக் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டு மின்சாரப் பெட்டியில் இருக்கும் வெள்ளை நிற பியூஸ் கேரியர், அலமாரியில் வைக்கும் பொம்மை, தேநீர்க் கோப்பை என்று எத்தனையோ பொருள்கள் இங்குள்ள சூளைகளில் வெந்து வெளியே வருகின்றன. செராமிக் தொழில் படிப்பதற்கென்றே அரசுப் பயிற்சி நிலையமும் இங்கே உண்டு.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவர் போன் செய்தார். "சார், ஒரு தடவை வீட்டுக்கு வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

போனேன். கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர். விரற்கடை அகலமுள்ள வெள்ளைக் குழாய் ஒன்றிலிருந்து தலையை நீட்டி என்னை முறைத்துப் பார்த்தது ஒரு பிளென்னி!

"அன்னைக்கு நீங்க சொன்ன பதில் தப்பு சார்" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அது மீனுக்கு நஞ்சு. பரந்த கடலில் அது உடனே கரைந்து போய்விடும். வாளியில் எங்கே போகும்? மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் செத்துவிடுகிறது. நாங்கள் அன்பாகப் போட்ட பிஸ்கட்டும் மஞ்சள் கருவும் அந்த நஞ்சைத்தான் பெருக்கியிருக்கின்றன!

இதைச் சரிசெய்ய முக்கியமான வழி பாக்டீரியாதான். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதில் கெடுதல் குறைவு. 1890ஆம் ஆண்டு வாக்கில் மண்ணில் இந்த இரண்டு வேலைக்காரர்களையும் அடையாளம் கண்டு சொன்னவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. வயலுக்கு உரமாகும் அதே வேலைதான் மீன் தொட்டியிலும் நடக்கிறது.

இந்தப் பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருகுவதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை தொட்டியில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீன் கிடையாது! துளித் துளியாக ரசாயனம் விட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைக் குப்பிகள் கடைகளில் விற்கின்றன. அவற்றில் தினமும் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுத்தமாக இல்லை என்று ஆன பிறகுதான் மீனை விடலாம். "வெறும் தண்ணியை ஒன்றரை மாசம் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன் சார். வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க" என்றார்.

சுட்ட மண்ணின் வேலை

பாக்டீரியா குடியிருக்க வீடு வேண்டும் அல்லவா? வெளிநாடுகளில் கடலடியிலிருந்து எடுத்த பவளப்பாறைத் துண்டுகளைத் தொட்டியில் போடுவார்கள். நம் நாட்டில் அதற்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பவளப்பாறைகள், கடல் குதிரைகள் போன்றவை 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. உயிரோடு இருக்கும் பவளத்தை மட்டுமல்ல, செத்துப்போன பவளக்கல்லை எடுப்பதும் விற்பதும்கூடக் குற்றம்தான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள பவளத் திட்டுகளைக் காப்பாற்ற, 1986ஆம் ஆண்டிலேயே 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

நம் பீங்கான்காரர் என்ன செய்தார் தெரியுமா? மேலே கண்ணாடி போன்ற மெருகு பூசாமல், ஒரே ஒருமுறை மட்டும் சூளையில் சுட்ட வளையங்களையும் குழாய்களையும் தன் பட்டறையிலேயே செய்துகொண்டார். இப்படிச் சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கும். மண்பானையில் நீர் கசிவதும் இதே துளைகள் வழியாகத்தான். அந்தத் துளைகளுக்குள் பாக்டீரியா குடியேறிவிடும். தேநீர்க் கோப்பை போலப் பளபளப்பாக மெருகு பூசினால் துளைகள் அடைபட்டுவிடும். சில மெருகுப் பூச்சுகளில் ஈயமும் கலந்திருக்கலாம். அதனால் அது கூடவே கூடாது என்றார்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா?

தொட்டியின் நீளம் 90 செ.மீ., அகலம் 30 செ.மீ., தண்ணீரின் உயரம் 40 செ.மீ. மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 108 லிட்டர். கல்லும் குழாயும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் ஏறக்குறைய 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அப்படியானால் நம் தொட்டிக்கு எவ்வளவு உப்பு? மூன்றரை கிலோ!

உடனே மளிகைக் கடைக்கு ஓடாதீர்கள். சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு மட்டும்தான். கடலில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று இன்னும் பல உப்புகள் கலந்திருக்கின்றன. மீன் தொட்டிக்கென்றே கலந்து விற்கும் கடல் உப்பைத்தான் வாங்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரோ, குளோரின் கலந்த குழாய் நீரோ உதவாது. சுத்திகரித்த தண்ணீரில்தான் அந்த உப்பைக் கரைக்க வேண்டும்.

அடுத்தது ஒரு புதிர். கோடையில் அந்தத் தொட்டியில் ஒரே நாளில் ஒரு லிட்டர் வரை ஆவியாகிவிடுகிறது. குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா, நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டுமா? யோசியுங்கள்!

நல்ல தண்ணீர்தான். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும். உப்பு நீர் ஊற்றிக்கொண்டே போனால் தொட்டி உப்பளமாகிவிடும். சந்தேகம் இருந்தால், ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்துப் பாருங்கள். மாலையில் தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். மாணவர் தொட்டியின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். தினமும் காலையில் அந்தக் கோடு வரை ஊற்றுவது அவருடைய மகளின் வேலை.

விருத்தாசலத்து வெயில் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளென்னிக்கு 25, 26 டிகிரி செல்சியஸ் இருந்தால் சுகம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். அதனால் தண்ணீரின் மேல் ஒரு சின்ன மின்விசிறி காற்றடித்துக்கொண்டே இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று படித்திருப்பீர்களே, அதே பாடம்தான். மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் தயாராக இருக்கிறது. பிளென்னி தாவிக் குதிக்கும் மீன் என்பதால் தொட்டியின் மேல் வலை போட்ட மூடியும் உண்டு.

சுத்தமான தொட்டி, பட்டினி மீன்

"இது ரெண்டாவது மீன் சார்" என்றார் மாணவர், கொஞ்சம் தயங்கிவிட்டு.

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முதல் மீனை அங்கிருந்துதான் வாங்கி வந்தாராம். அதன் வாயில் சீப்புப் பல் போல மெல்லிய பற்கள் நெருக்கமாக இருக்கும். பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பதற்காக அமைந்த பற்கள் அவை. ஆங்கிலத்தில் இதற்குப் 'புல்வெட்டும் பிளென்னி' என்றே செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். வளர்ந்தால் 14 செ.மீ. வரை வரும்.

தொட்டியில் பாசி படிந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று, வாரம் தவறாமல் கண்ணாடியைத் தேய்த்துப் பளிங்கு போல வைத்திருந்தாராம். மேலே மிதக்கும் தீனியைப் போட்டார். மீன் அதைச் சீண்டவே இல்லை. தண்ணீரைப் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருந்தது. வயிறு மட்டும் நாளுக்கு நாள் ஒட்டிக்கொண்டே போனது. சில மாதங்களில் செத்துவிட்டது. பட்டினிச் சாவு!

"அன்னைக்குத் தீனி அதிகம் போட்டுக் கொன்னோம். இன்னைக்குத் தீனி இல்லாமக் கொன்னுட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

இரண்டாவது மீனை வாங்க அவர் அவசரப்படவில்லை. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்து, பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். பச்சைப் பசேலென்று பாசி படர்ந்த பிறகுதான் மீன் வந்தது. கடையிலேயே தீனி போடச் சொல்லி, அது தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கினாராம். பாசி குறைந்தால் ஸ்பைருலினா கலந்த தீனியைக் கல்லில் ஒட்டி வைக்கிறார். ஒரே ஒரு பிளென்னிதான் வளர்க்கிறார். இன்னொன்றை விட்டால் இரண்டும் குழாய்க்காகச் சண்டை போட்டே மாய்ந்துவிடும்.

மீன் எங்கிருந்து வருகிறது?

இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆற்று மீன்களில் கப்பி, மோலி எல்லாம் பண்ணையில் பிறந்தவை. கடல் வண்ண மீன்களோ பெரும்பாலும் பவளத் திட்டுகளிலிருந்து பிடித்து வரப்படுபவை. சில நாடுகளில் சயனைடு என்ற கொடிய நஞ்சைத் தண்ணீரில் பீய்ச்சி, மயங்கிய மீனைப் பிடிக்கும் வழக்கம் உண்டு. அந்த நஞ்சில் பவளமும் அழிகிறது.

இதற்கு ஒரு மாற்று வழியும் உண்டு. அதில் நம் மாவட்டத்துக்கும் பங்கு இருக்கிறது! நாங்கள் சுற்றுலா போன அதே பரங்கிப்பேட்டை ஆய்வு மையத்தில், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் இதைச் செய்து காட்டியிருக்கிறது. இவை முட்டையிட எதைத் தருவார்கள் தெரியுமா? ஓட்டுத் துண்டும் மண் சட்டியும்தான்! ஒரு வாரம் போல ஆனதும், இருட்டிய பிறகு முட்டைகள் பொரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத் தனியாக வளர்த்து, அந்தக் குஞ்சுகளுக்குத் தீனியாகக் கொடுக்க வேண்டும். பிளென்னிகளிலும் சில வகைகளை வெளிநாட்டுப் பண்ணைகளில் இப்படிப் பொரிக்க வைக்கிறார்கள். மற்றவை இன்னும் கடலிலிருந்துதான் வருகின்றன. "என் மீன்கூடக் கடலில் பிடிச்சதுதான். அதனாலதான் இதையாவது நல்லா வச்சுக்கணும்னு பாக்கிறேன்" என்றார் மாணவர்.

கடல் தொட்டி வைப்பது செலவு பிடிக்கும் வேலை. மின்சாரமும் தண்ணீரும் பக்கத்து பக்கத்தில் இருக்கும் இடம் என்பதால், பெரியவர்கள் இல்லாமல் நீங்களாக எதையும் தொடாதீர்கள். ஆசை இருக்கிறவர்கள் நல்ல தண்ணீரில் இரண்டு கப்பி மீன்களை ஒரு வருடம் வளர்த்துப் பாருங்கள். கடலோரப் பிள்ளைகளுக்கு இந்தச் செலவுகூட வேண்டாம். கடல் உள்வாங்கும் நேரத்தில், பெரியவர்களோடு போய், பாறை இடுக்குகளில் தேங்கிய நீரைச் சத்தம் போடாமல் ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். எங்காவது ஒரு பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும்.

கிளம்பும் முன் மாணவரின் மகள் என்னைத் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனாள். பாசி படர்ந்த கண்ணாடியில் சின்னச் சின்ன வட்டங்கள். பிளென்னி வாயை வைத்துச் சுரண்டிய இடமெல்லாம் உதட்டு அடையாளம் போலப் பதிந்திருந்தது. "முத்தம் தாத்தா! எண்ணிப் பாருங்க" என்றாள். நானும் அவளும் எண்ணினோம். 37 வரை வந்தபோது மீன் எங்களைப் பார்த்துவிட்டது. ஒரே தாவில் குழாய்க்குப் போய், வாலை முதலில் விட்டு உள்ளே நுழைந்து, தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டது. ஒரு கண் அவளைப் பார்த்தது, இன்னொரு கண் என்னை!